பதிவேட்டில் இருக்கிறதே, போதாதா? இங்கிலாந்துக் கவுன்சிலர்களும் சொந்த நலன் அறிவிப்பும்

இங்கிலாந்தில் எந்தக் கவுன்சில் கூட்டத்துக்குப் போனாலும் நிகழ்ச்சி நிரலின் முதல் சில வரிகளுக்குள் ‘டிக்ளரேஷன்ஸ் ஒஃப் இன்ட்ரஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கும். “யாருக்காவது அறிவிக்க ஏதும் இருக்கிறதா?” என்று தலைவர் கேட்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ‘எதுவுமில்லை’ என்று கிளார்க் எழுதிக்கொள்வார். கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விடும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைச் சரியாகப் பயன்படுத்தாதவர் குற்றவியல் நீதிமன்றத்தில் போய் நிற்கவும் நேரும். அப்படி நின்ற ஒருவரின் வழக்கைக் கீழே சொல்கிறேன்.

லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழர்கள் கவுன்சிலர்களாகத் தெரிவாவது இப்போது புதுமையில்லை. கடை வைத்திருப்பவர், கணக்காளர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், தமிழ்ப் பள்ளி நடத்துபவர் என்று நாலு பேருக்கு ஓடி ஓடி உதவியவர்கள்தான் தேர்தலில் நிற்கிறார்கள். சனங்களோடு அவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் அவர்களுடைய பலம். சொந்த நலன் விதிகள் வந்து உரசுவதும் அதே இடத்தில்தான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதில் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து விதிகள் வேறு.

முதலில் அந்தச் சொல். ‘இன்ட்ரஸ்ட்’ என்றதும் வட்டியோ ஆர்வமோதான் மனதில் வரும். இங்கே அதன் பொருள், கவுன்சில் எடுக்கும் ஒரு முடிவால் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ வரக்கூடிய நன்மை தீமை. தீமையும் இதில் சேர்த்தி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் கடை வாசலில் வாகனம் நிறுத்தத் தடை வருமானால் உங்களுக்கு நட்டம். அந்த நட்டமும் அறிவிக்க வேண்டிய நலன்தான்.

இந்த விதிகள் ஊழலில் பிறந்தவை. 1960களில் ஜோன் பூல்சன் என்ற கட்டடக் கலைஞர் வட இங்கிலாந்துக் கவுன்சில்களில் செல்வாக்குள்ளவர்களுக்குப் பணம் கொடுத்து வீடமைப்பு ஒப்பந்தங்களை வாங்கிக்கொண்டிருந்தார். 1972இல் அவர் திவாலானதால் எல்லாம் வெளியே வந்தது. நியூகாசில் கவுன்சிலின் முன்னாள் தலைவர் டி. டான் ஸ்மித்துக்கு 1974இல் ஆறு ஆண்டு சிறை. கவுன்சிலர்களுக்கான தேசிய நடத்தைக் கோவை அடுத்த ஆண்டே வந்தது. 1995இல் நீதிபதி நோலன் தலைமையிலான குழு பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தது: தன்னலமின்மை, நேர்மை வழுவாமை, பாரபட்சமின்மை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மை, முன்மாதிரியாக இருத்தல். இன்றுவரை ஒவ்வொரு கவுன்சிலின் நடத்தைக் கோவையும் இந்த ஏழுக்கும் இசைவாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம். அதன் நடத்தைப் பகுதி 2012 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இனி, தெரிவானவர்கள் தங்கள் நலன்களைப் பதிவேட்டுக்காக எழுதிக் கொடுக்கும் படிவத்துக்கு வருவோம். அதில் ஏழு கட்டங்கள். இவற்றில் அடங்குபவற்றைச் சட்டம் ‘அறிவிக்க வேண்டிய பணநலன்’ என்கிறது. கவுன்சில் பேச்சில் ‘டிபிஐ’. படிவத்தில் நிகழும் தவறுகள் பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தில் வருபவை அல்ல. கட்டத்தின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவதால் வருபவை.

முதல் கட்டம் வேலை. ஊதியத்துக்கோ லாபத்துக்கோ செய்யும் எந்த வேலையும், பதவியும், தொழிலும் இதில் வரும். வேலை தருபவரின் பெயரை முழுமையாக எழுதுங்கள். சொந்தத் தொழிலென்றால் அது என்ன தொழில், எந்தப் பெயரில் நடக்கிறது என்பதும் வேண்டும். பகுதிநேரமாகச் செய்யும் இரவு வேலையும், மாதம் நாலு மணிநேரக் கணக்கெழுத்தும் இங்கேதான்.

இரண்டாவது, ஆதரவுப் பணம். கவுன்சிலர் வேலைக்கான செலவுக்கோ உங்கள் தேர்தல் செலவுக்கோ கடந்த 12 மாதத்தில் யாராவது பணமோ பணப்பெறுமதியுள்ள உதவியோ தந்திருந்தால் அதை எழுதவேண்டும். தெரிந்தவரின் அச்சகம் துண்டுப்பிரசுரத்தைக் காசு வாங்காமல் அடித்துத் தந்ததா? அது நட்பென்று நீங்கள் நினைக்கலாம், படிவத்தில் அது ஆதரவுப் பணம். தொழிற்சங்கம் தந்த தேர்தல் உதவியும் அப்படியே.

மூன்றாவது, ஒப்பந்தங்கள். உங்களுக்கோ, நீங்கள் பங்காளியாகவோ இயக்குநராகவோ பங்குதாரராகவோ இருக்கும் நிறுவனத்துக்கோ கவுன்சிலுடன் இன்னும் முடியாத ஒப்பந்தம் இருக்கிறதா என்பதே கேள்வி. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் டாக்ஸி நிறுவனங்களும் கவுன்சில் பணத்தில்தான் ஓடுகின்றன. நம்மவர் நடத்தும் நிறுவனங்களும் அவற்றில் உண்டு. கவுன்சில் விழாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பணம் இன்னும் வரவில்லை என்றால்கூட அந்த ஒப்பந்தம் முடியவில்லை என்றே அர்த்தம்.

நான்காவது, நிலம். அதிகமாகத் தவறு நடக்கும் கட்டம் இது. ‘நிலம்’ என்று பார்த்ததும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். வாடகை உரிமையும் நிலத்தின் மீதான உரிமைதான். நீங்கள் இருக்கும் வீடு கவுன்சில் எல்லைக்குள் இருந்தால் எழுதவேண்டும். வாடகைக்கு விட்டிருக்கும் வீடு, மனைவி பேரிலுள்ள ஃபிளாட், கவுன்சிலிடம் எடுத்திருக்கும் அலொட்மென்ட் என்ற தோட்டத் துண்டு எல்லாம் இதில் சேரும். எல்லைக்கு வெளியே இருப்பது வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் காணியையோ பக்கத்துப் பரோவில் வாங்கிப்போட்ட வீட்டையோ இந்தச் சட்டம் கேட்கவில்லை.

ஐந்தாவது, ஒரு மாதமோ அதற்கு மேலோ ஓரிடத்தில் இருக்க உங்களுக்குள்ள அனுமதி. அம்மா அப்பாவின் வீட்டில் வாடகையில்லாமல் வாழும் இருபத்தைந்து வயதுக் கவுன்சிலர் அந்த வீட்டை எழுதவேண்டிய இடம் இதுதான். வீடு அவர் பேரில் இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. ஆனால் அவர் அங்கேதான் இருக்கிறார். இதை நான்காவதிலும் எழுதாமல் ஐந்தாவதிலும் எழுதாமல் விட்டால், கவுன்சிலர் எங்கும் வசிக்காதவர் போல ஒரு பதிவு உருவாகிவிடும்.

ஆறாவது, நீங்கள் இயக்குநராகவோ பங்குதாரராகவோ உள்ள நிறுவனம் கவுன்சிலின் இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தால் அது. கவுன்சிலுக்குச் சொந்தமான கடைத்தொகுதிகளில் கடை நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

ஏழாவது, பங்குகள். நிறுவனத்துக்கு அந்த எல்லைக்குள் வியாபார இடமோ நிலமோ இருக்கவேண்டும். உங்கள் பங்குகளின் முகப்பெறுமதி 25,000 பவுணைத் தாண்டவேண்டும், அல்லது நிறுவனத்தின் மொத்தப் பங்கு மூலதனத்தில் நூறில் ஒரு பங்கைத் தாண்டவேண்டும். பெரிய தொகையைப் பார்த்ததும் சின்ன வியாபாரிகள் ‘நமக்கில்லை’ என்று கடந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: மூலைக்கடையை நடத்தும் லிமிடெட் கம்பனி தலா 1 பவுண் பெறுமதியில் 100 பங்குகள் வெளியிட்டிருக்கிறது, அதில் உங்களிடம் 50. முகப்பெறுமதி வெறும் 50 பவுண். ஆனால் பங்கு மூலதனத்தில் பாதி உங்களுடையது. நூறில் ஒன்றை எப்போதோ தாண்டியாயிற்று. எழுதத்தான் வேண்டும்.

இந்த ஏழு கட்டமும் உங்களுக்கு மட்டுமல்ல. கணவர், மனைவி, சட்டப்படி பதிந்த துணை, தம்பதியர் போலச் சேர்ந்து வாழும் துணை ஆகியோருக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்கு அந்த நலன் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் மனைவி எங்கே வேலை செய்கிறார் என்று தெரியாது என யார் சொல்லமுடியும்? பிள்ளைகள், பெற்றோர், சகோதரர் இந்தப் படிவத்தில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன். எது உங்களுடையது, எது துணையுடையது என்று பிரித்துக் காட்டவேண்டியதில்லை என்று அரசாங்க வழிகாட்டி சொல்கிறது. துணையின் பெயர் வெளியே வருவதை விரும்பாதவர்களுக்கு இது உதவும்.

படிவம் போவது மொனிட்டரிங் ஒஃபீசரிடம், அதாவது கவுன்சில் சட்டப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் அதிகாரியிடம். ஒவ்வொரு பரோ, மாவட்ட, கவுண்டிக் கவுன்சிலிலும் இந்தப் பதவி இருக்கவேண்டும் என்பது 1989 முதல் சட்டம். பரிஷ் என்ற சின்ன ஊர்மட்டக் கவுன்சில்களின் கவுன்சிலர்களுடைய பதிவேடும் மேலுள்ள மாவட்டக் கவுன்சிலின் மொனிட்டரிங் ஒஃபீசரிடம்தான் இருக்கும். கெடு 28 நாள், பதவிக்கு வந்த நாளையும் சேர்த்து. நாலு கிழமை என்று நினைத்து மறுநாளிலிருந்து எண்ணுபவர்கள் ஒரு நாள் பிந்திவிடுகிறார்கள். மறுபடி தெரிவானவர்கள் ஏற்கனவே பதிவில் இல்லாதவற்றை மட்டும் சேர்த்தால் போதும்.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. பதவிக் காலத்தின் நடுவே புதிதாக வரும் நலனைப் பதியச் சொல்லி லோக்கலிசம் சட்டம் நேரடியாகக் கேட்கவில்லை. அந்த நலன் சம்பந்தப்பட்ட விடயம் கூட்டத்தில் வந்து நீங்கள் அறிவித்தால், அன்றிலிருந்து 28 நாளுக்குள் பதியவேண்டும் என்கிறது, அவ்வளவுதான். அதனால் பல கவுன்சில்கள் தங்கள் நடத்தைக் கோவையில், மாற்றம் தெரிந்த 28 நாளுக்குள் பதியவேண்டும் என்று தாங்களாகவே சேர்த்திருக்கின்றன. வேலை மாறினால், வீடு வாங்கினால், கம்பனியில் இயக்குநரானால் உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆண்டுக்கொருமுறை நினைவூட்டல் கடிதம் வரும்வரை காத்திருப்பது கெட்ட பழக்கம்.

வீட்டு முகவரி இணையத்தில் வருவது பலருக்குப் பயம். பயப்படக் காரணமும் இருக்கிறது. முகவரி வெளியானால் உங்களுக்கோ உங்களோடு தொடர்புள்ளவருக்கோ வன்முறையோ மிரட்டலோ வரலாம் என்று நீங்களும் மொனிட்டரிங் ஒஃபீசரும் கருதினால் அந்த விவரத்தை மறைக்கலாம். பொதுப் பதிவேட்டில் ‘விவரம் மறைக்கப்பட்டுள்ளது’ என்று மட்டும் இருக்கும். மூலப்பதிவில் முகவரி இருக்கும். கேட்டு வாங்கவேண்டிய பாதுகாப்பு இது. கேட்காதவருக்குத் தானாக வராது.

சரி, படிவம் கொடுத்தாயிற்று, இணையத்திலும் ஏறிவிட்டது. இத்தோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. அதற்கு டோர்செட் வழக்கே சாட்சி. ஒரு கவுன்சிலர் வீடமைப்பு நிறுவனம் ஒன்றில் ஊதியம் பெறும் இயக்குநராக இருந்தார். அதை மறைக்கவில்லை, பதிவேட்டில் எழுதியிருந்தார். 2013 பெப்ரவரியில் அந்தப் பகுதியின் வளர்ச்சித் திட்டம் கூட்டத்துக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் நிலத்தையும் அது தொட்டது. அவர் இருந்தார், பேசினார், வாக்களித்தார். 2015 ஏப்ரலில் போர்ன்மவுத் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை பெரிதல்ல: ஆறு மாத நிபந்தனை விடுவிப்பும் 930 பவுண் செலவும். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு தீர்ப்புத்தான். திட்டம் முழுப் பகுதிக்கும் பொதுவானது என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

சட்டம் இரண்டு தனித்தனிக் கடமைகளை வைக்கிறது. ஒன்று பதிவது. மற்றது, விடயம் கூட்டத்துக்கு வரும்போது விலகுவது. பணநலன் உள்ள விடயத்தில் நீங்கள் விவாதத்தில் பங்கெடுக்கக்கூடாது, வாக்களிக்கக்கூடாது. ஏற்கனவே பதிந்திருந்தால் வாய்விட்டு அறிவிக்கவேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. கவுன்சிலின் கோவைதான் கேட்கிறது. விலகுவதை மட்டும் சட்டமே கேட்கிறது. அறையை விட்டு வெளியேறவேண்டுமா என்பது கவுன்சிலின் கூட்ட விதிகளைப் பொறுத்தது. பெரும்பாலானவை வெளியேறச் சொல்கின்றன. விதி சொல்லாவிட்டாலும் எழுந்து போய்விடுங்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பேச்சுத்தான்.

அறிவிப்பு எப்படி இருக்கவேண்டும்? “எனக்கு ஒரு நலன் இருக்கிறது” என்பது போதாது. இப்படிச் சொல்லுங்கள்: “ஏழாவது விடயம், கடைத்தெரு வாகனத் தரிப்பிடம். அந்தத் தெருவில் 14ஆம் இலக்கக் கடையை நடத்தும் நிறுவனத்தில் எனக்குப் பங்கு உண்டு. இது பணநலன். இந்த விடயம் வரும்போது வெளியே போய்விடுவேன்.” விடயத்தின் எண், நலன் என்ன, எந்த வகை, என்ன செய்யப்போகிறீர்கள். நாலும் இருக்கவேண்டும். கிளார்க்கின் குறிப்பில் இந்த நாலோடு வெளியேறிய நேரமும் திரும்பி வந்த நேரமும் ஏறவேண்டும். ‘இரவு 7.42க்கு வெளியேறினார், 8.05க்குத் திரும்பினார்’ என்ற ஒரு வரி மூன்று ஆண்டுக்குப் பிறகு வரும் முறைப்பாட்டை ஒரே நிமிடத்தில் முடித்துவைக்கும். கூட்டம் முடிந்த பிறகு குறிப்பின் வரைவை வாங்கி அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நிர்வாகக் குழு உறுப்பினர் தனியாக முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராக இருந்தால் கூட்டமே இல்லாமல் கையெழுத்து மட்டும் போகும். அங்கேயும் அதே விதி: முடிவை வேறொருவரிடம் ஒப்படைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது.

இனி மேலே சொன்ன அந்த வேறு கதவு. கவுன்சில்களின் பொது அமைப்பான உள்ளூராட்சிச் சங்கம் 2020 டிசம்பரில் ஒரு மாதிரி நடத்தைக் கோவை வெளியிட்டது. கட்டாயமில்லை, பல கவுன்சில்கள் அப்படியே எடுத்திருக்கின்றன, சில மாற்றி எடுத்திருக்கின்றன. உங்கள் கவுன்சிலின் கோவை எது என்று தேடிப் படிப்பதுதான் முதல் வேலை. மாதிரிக் கோவை பணநலனுக்குக் கீழே இன்னும் இரண்டு படிகள் வைக்கிறது. நம்மவர்களுக்கு மெய்யான சிக்கல் இந்த இரண்டு படிகளில்தான்.

முதற்படி, பதியவேண்டிய மற்ற நலன்கள். ஊதியமில்லாத இயக்குநர் பதவி, கவுன்சில் உங்களை நியமித்த அமைப்பு, அறப்பணி அமைப்பு, கட்சியும் தொழிற்சங்கமும் போல பொதுக்கருத்தையோ கொள்கையையோ மாற்ற முயலும் அமைப்பு. இவற்றில் நிர்வாகத்தில் இருந்தாலும் எழுதவேண்டும், வெறும் உறுப்பினராக இருந்தாலும் எழுதவேண்டும். கோயில் அறங்காவலர் சபை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம்: இவற்றில் பல இங்கே அறப்பணி அமைப்புகளாகப் பதிவானவை. காசு வாங்காமல் உழைக்கிறோமே, இதிலென்ன நலன் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இங்கே கேள்வி உங்கள் பையைப் பற்றியதில்லை. அந்த அமைப்பின் பணத்துக்கோ நல்வாழ்வுக்கோ நேரடியாகச் சம்பந்தமான விடயம் வந்தால் நீங்கள் நடுநிலையாளர் இல்லை என்பதுதான்.

லண்டனில் தேர்த் திருவிழா நடக்கும் கோடைகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவை மூடக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். கோயிலின் அறங்காவலர் ஒருவர் கவுன்சிலர். விண்ணப்பமோ, மண்டப விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்கும் பிளானிங் மனுவோ, சமூக நிதி உதவியோ கமிட்டிக்கு வருகிறது. மாதிரிக் கோவைப்படி அவர் நலனை அறிவிக்கவேண்டும். பொதுமக்களுக்கும் பேச இடமுள்ள கூட்டமென்றால் அவர்களைப் போலவே தன் நிமிடங்களைப் பேசலாம், பிறகு வெளியேறவேண்டும். வாக்கில்லை. பொதுமக்கள் பேச முடியாத கூட்டமென்றால் அவரும் பேச முடியாது. பணநலனாக இருந்தால் அந்த நிமிடங்களும் கிடையாது. சொல்ல வேண்டியதை தனிமனிதராக எழுத்தில் அனுப்பலாம், அல்லது வேறொருவரைப் பேசச் சொல்லலாம். இன்னொன்று: கூட்டத்தில் ஒதுங்கிவிட்டு, மறுநாள் பிளானிங் அதிகாரியின் மேசைக்குப் போய் “நம்ம கோயில் விடயம் என்னாச்சு?” என்று கேட்பது ஒதுங்கியதாகாது. கவுன்சிலர் என்ற முறையில் அதிகாரியை நெருக்குவது கோவையின் இன்னொரு விதியை மீறுவது.

ஆனால் கோயிலுக்குக் கும்பிடப் போகும் எல்லாக் கவுன்சிலரும் விலகவேண்டியதில்லை. உறுப்பினர் சந்தா கட்டி உறுப்பினரானாரா, நிர்வாகத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். திருவிழாவுக்குப் போய் அர்ச்சனை செய்வது மட்டும் நலனாகாது.

இரண்டாம் படி, பதியாத நலன்கள். உங்கள் உறவினர், நெருங்கிய நண்பர், கூட்டாளி ஆகியோரின் பணமோ நல்வாழ்வோ சம்பந்தப்பட்டவை. இவற்றைப் பதிவேட்டில் எழுத முடியாது. மச்சானின் கடைகளையெல்லாம் யார் எழுதுவது? விடயம் வரும்போது வாயால் அறிவிக்கவேண்டும். மச்சானின் கடைக்கு மது விற்கும் உரிமம் கேட்டு மனு வருகிறது. மூன்று பேர் கொண்ட உரிம உபகுழுவில் நீங்கள் ஒருவர். முடிவெடுக்கும் மூவரில் ஒருவர் மனுதாரரின் மச்சான் என்றால் அந்த முடிவு நிற்குமா? நிகழ்ச்சி நிரல் வந்த அன்றே கிளார்க்கிடம் சொல்லுங்கள், மாற்று உறுப்பினரைப் போட அவருக்கு நேரம் கிடைக்கும். விசாரணை தொடங்கும்போது சொன்னால் எல்லாரையும் திருப்பி அனுப்பவேண்டி வரும்.

நேரடியாகச் சம்பந்தமில்லாமல் ‘பாதிக்கும்’ விடயங்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி கட்ட மனுப் போடுகிறார். மனு உங்கள் வீட்டைப் பற்றியதல்ல, ஆனால் உங்கள் குசினிக்கு வெளிச்சம் போய்விடும். இதற்குக் கோவை இரண்டு கேள்வி வைக்கிறது. வட்டாரத்தின் பெரும்பாலோரை விட உங்களை இது கூடுதலாகப் பாதிக்கிறதா? எல்லா விவரமும் தெரிந்த நியாயமான ஒருவர், பொதுநலனைப் பற்றிய உங்கள் பார்வையை இது மாற்றும் என்று நினைப்பாரா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் விலகுங்கள். முழு ஊருக்கும் குப்பை எடுக்கும் நாளை மாற்றுகிறார்கள் என்றால் உங்கள் வீட்டுக் குப்பையும் அதில் இருக்கிறது என்பதற்காக விலகத் தேவையில்லை. இரண்டாவது கேள்வியைத்தான் மனம் ஏமாற்றப் பார்க்கும். “நான் அப்படிப்பட்டவன் இல்லை” என்பது அதற்கு விடையே இல்லை. கேட்பது உங்கள் மனச்சாட்சியை அல்ல, வெளியே நின்று பார்ப்பவரின் நினைப்பை.

தேர்தலில் “அந்தக் கட்டடத்தை எதிர்ப்பேன்” என்று பேசியதற்காக மட்டும் பிளானிங் வாக்கை இழக்கமாட்டீர்கள். முன்பு சொன்ன கருத்து மட்டுமே மூடிய மனதுக்குச் சான்றாகாது என்று லோக்கலிசம் சட்டம் சொல்கிறது. ஆனால் கூட்டத்தில் அதிகாரியின் அறிக்கையைக் கேட்கத் தயாராக இருக்கவேண்டும். சொந்த நலனும் முன்முடிவும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித் தேவையில்லாமல் விலகுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் வட்டாரத்து மக்களின் குரல்தான் கெடுகிறது.

எல்லாரும் விலகினால் கூட்டம் எப்படி நடக்கும்? அதற்குத்தான் விலக்கு அனுமதி. ஒரு பரிஷ் கவுன்சிலில் ஏழு பேர். பயற்றங்காயும் கீரையும் போட ஐந்து பேர் கவுன்சிலின் அலொட்மென்ட் துண்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். துண்டுகளின் வாடகையைக் கூட்டும் விடயம் வருகிறது. ஐந்து பேருக்கும் பணநலன். மிச்சம் இரண்டு பேர். பரிஷ் கவுன்சிலில் கோரம், அதாவது கூட்டம் நடக்க இருக்கவேண்டிய ஆகக்குறைந்த எண்ணிக்கை, மூன்றில் ஒரு பங்கு, ஆனால் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. கூட்டம் படுத்துவிட்டது. இப்படி வேலை நடக்கமுடியாத அளவுக்குப் பலர் விலகவேண்டி வந்தால், அரசியல் பலம் தலைகீழாகும் என்றால், பகுதி மக்களின் நலனுக்கு வேண்டுமென்றால், அல்லது வேறு விதத்தில் பொருத்தமென்றால் விலக்கு கொடுக்கலாம். அதிகபட்சம் நான்கு ஆண்டு.

தவறு நடப்பது நடைமுறையில். விலக்குக்கு எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். கூட்டத்தில் கையுயர்த்திக் கேட்க முடியாது. பரிஷ் கவுன்சிலர்கள் மாவட்ட மொனிட்டரிங் ஒஃபீசருக்கு அனுப்புகிறார்கள். அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. பரிஷ் கவுன்சிலின் கிளார்க்குக்கு அனுப்பவேண்டும், முடிவெடுப்பதும் பரிஷ் கவுன்சில்தான். விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தை முன்கூட்டியே கிளார்க்கிடம் ஒப்படைத்துத் தீர்மானம் போட்டு வைப்பது நல்லது. இல்லாவிட்டால் விலக்குக் கொடுக்கவே கோரம் இல்லாமல் போகும். கவுன்சில் வரியைத் தீர்மானிக்க விலக்கு தேவையில்லை. வரி கட்டுவது எல்லாருக்கும் பொது. அது பணநலன் ஆகாது என்று அரசாங்க வழிகாட்டி சொல்கிறது.

கவுன்சில் வரியில் வேறொரு பொறி உண்டு. இரண்டு மாதமோ அதற்கு மேலோ வரிப் பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர், வரவுசெலவுத் திட்டத்துக்கோ வரி நிர்ணயத்துக்கோ வாக்களிக்கக்கூடாது. கூட்டத்தில் தன் நிலையைச் சொல்லவும் வேண்டும். 1992ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இது, மீறினால் குற்றம். பெப்ரவரிக் கூட்டத்துக்கு முன் வங்கிக் கட்டளை திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பளிப்பு: மாதிரிக் கோவைப்படி 50 பவுண் பெறுமதியோ அதற்கு மேலோ உள்ள பரிசும் விருந்தும் 28 நாளுக்குள் பதியவேண்டும். வாங்காமல் மறுத்த பெரிய பரிசையும் சொல்லவேண்டும். பொன்னாடையும் மாலையும் 50 பவுணைத் தொடாது. தங்க நாணயம் தொடும்.

கவுன்சில் ஊழியர்களுக்குத் தனி விதி. கவுன்சில் செய்யும் அல்லது செய்யப்போகும் ஒப்பந்தத்தில் தனக்கு நேரடியாகவோ சுற்றிவளைத்தோ பணநலன் உண்டென்று தெரிந்ததும், முடிந்தவரை சீக்கிரம் எழுத்தில் சொல்லவேண்டும். சம்பளத்துக்கு மேல் பதவியின் பேரில் எதையும் வாங்கக்கூடாது. 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 117ஆம் பிரிவு. ஊழியர் பதிவேடு கவுன்சிலர்களுடையது போல இணையத்தில் வராததால் இது அதிகம் பேசப்படுவதில்லை. கொள்முதல் பிரிவிலும் பராமரிப்பு நியமனங்களிலும் வேலை செய்பவர்கள் இதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

மீறினால் என்ன? பணநலனைத் தகுந்த காரணமின்றிப் பதியாமல் விடுவது, விலகவேண்டிய விடயத்தில் பங்கெடுப்பது, பொய்யான தகவல் கொடுப்பது மூன்றும் குற்றம். அபராதத்துக்கு 2015 மார்ச் முதல் உச்சவரம்பில்லை. நீதிமன்றம் ஐந்து ஆண்டு வரை தகுதிநீக்கமும் செய்யலாம். ஆனால் பொது வழக்குத்தொடுநர் சார்பில் மட்டுமே வழக்குப் போட முடியும். போதிய சான்று கைக்கு வந்த 12 மாதத்துக்குள் தொடங்கவேண்டும், குற்றம் நடந்து மூன்று ஆண்டு கடந்தால் முடியாது.

மற்ற இரண்டு படிகளையும் மீறினால் குற்றமில்லை. நடத்தைக் கோவை முறைப்பாடு மட்டும். மொனிட்டரிங் ஒஃபீசர் விசாரிப்பார். முடிவெடுக்கும் முன் கவுன்சிலுக்கு வெளியேயுள்ள சுயாதீன நபரின் கருத்தைக் கேட்கவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரும் அந்த நபரிடம் பேசலாம். ஆனால் முடிவில் கண்டிக்கலாம், கமிட்டியிலிருந்து எடுக்கும்படி கட்சிக்குச் சொல்லலாம், பயிற்சிக்குப் போகச் சொல்லலாம், அவ்வளவுதான். இடைநிறுத்தும் அதிகாரம் 2012இல் போய்விட்டது. ஆறு மாதம் வரை இடைநிறுத்த அதிகாரம் வேண்டும் என்று பொதுவாழ்வு நெறிக் குழு 2019 ஜனவரியில் கேட்டது. 2024 டிசம்பரில் அரசாங்கமும் அதைப் பற்றிக் கருத்துக் கேட்டது. அந்த அதிகாரம் திரும்பி வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கண்டனத் தீர்மானத்தைக் கேட்டுவிட்டு மறுகிழமை அதே கதிரையில் வந்து உட்கார முடியுமென்றால், முறைப்பாடு செய்த குடியிருப்பாளருக்கு என்ன பதில்?

குடியிருப்பாளர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் கவுன்சில் இணையதளத்தில் ‘யுவர் கவுன்சிலர்ஸ்’ பக்கத்துக்குப் போய் பெயரை அழுத்தினால் சொந்த நலன் பதிவேடு வரும். பரிஷ் கவுன்சிலர் என்றால் மாவட்டக் கவுன்சிலின் தளத்தில் தேடுங்கள். அதே பெயரைக் கம்பனிகளைப் பதியும் கம்பனீஸ் ஹவுஸ் தளத்திலும் அறப்பணி ஆணையத்தின் தளத்திலும் போட்டுப் பாருங்கள், இரண்டும் இலவசம். அங்கே இயக்குநர் அல்லது ட்ரஸ்டி என்று இருந்து இங்கே இல்லையென்றால், உடனே முகநூலில் போடாதீர்கள். பதவியிலிருந்து விலகியிருக்கலாம், ஒரே பெயரில் இருவர் இருக்கலாம். திகதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கங்களின் படத்தையும் இணைத்து மொனிட்டரிங் ஒஃபீசருக்கு நாலு வரி எழுதுங்கள்: பெயர், எந்தப் பதிவு இல்லை, எந்தத் திகதியில் பார்த்தீர்கள், அது சம்பந்தமான விடயத்தில் அவர் வாக்களித்த கூட்டம் ஏதும் இருந்தால் அதன் குறிப்பு.